'கோ'வைக் 'க' ஆக்கிய நிரல்: ஜாவாஸ்கிரிப்டில் நம் பெயர்கள்

படிவங்களில் நம் பெயர் படும் பாடு நமக்குத் தெரியும். அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். ஆலயப் பதிவில் தமிழில் இருக்கும். அண்மையில் சிறுவர் போட்டி ஒன்றுக்கு இணையம்வழி வந்த பெயர்களைச் சான்றிதழுக்காகச் சீர்படுத்தும் வேலை எனக்கு வந்தது. கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் கற்ற துணிச்சலில் இறங்கிவிட்டேன். நான் இடறிய இடங்கள், எஸ்பிஎம் கணினி அறிவியல் எடுக்கும் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

பழகிப் பார்க்கத் தனி மென்பொருள் வேண்டாம். கணினியில் குரோம் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, 'கன்சோல்' பகுதிக்குப் போனால் போதும். கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

லெட் பெயர் = " கவிதா ஏ/பி முனியாண்டி "

இதில் 'பெயர்' என்பது மாறி. பெயர் ஒட்டிய டப்பா மாதிரி. அந்தப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம். 'லெட்' போட்டால் டப்பாவில் பிறகு வேறொன்றை வைக்கலாம். 'கான்ஸ்ட்' போட்டால் முடியாது.

முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்க, பெயர்.ட்ரிம்() என்று எழுதினேன். திரையில் சுத்தமாக வந்தது. ஆனால் அடுத்த வரியில் பார்த்தால் பெயரில் பழைய வெற்றிடம் அப்படியே இருக்கிறது! அரை மணி நேரம் போனது. ஸ்ட்ரிங்கை யாராலும் திருத்த முடியாது. ட்ரிம் புதிய ஸ்ட்ரிங் ஒன்றைத் தருகிறது, அவ்வளவுதான். அதைப் பிடித்து டப்பாவில் திரும்ப வைப்பது நம் வேலை:

பெயர் = பெயர்.ட்ரிம்()

மற்ற வழிமுறைகளுக்கும் இதே கதைதான். சிலர் ஏ/பி-யைச் சிறிய எழுத்தில் தட்டியிருந்தார்கள். அதற்கு டூஅப்பர்கேஸ்() எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கித் தரும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லாததால் தமிழ்ப் பெயரை அது தொடாது. பிறகு பெயர்.ஸ்ப்லிட்(" ஏ/பி ")[0] என்றால் 'கவிதா' மட்டும் வரும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் முதல் துண்டுக்கு 0. ஏ/பி இல்லாத பெயராக இருந்தால் முழுப் பெயரும் அப்படியே வரும், பாதகமில்லை.

வினை வந்தது தமிழ்ப் பட்டியலில்தான். தந்தை பெயரின் முதலெழுத்தை எடுக்க ஸ்லைஸ்(0, 1) போட்டேன். கோவிந்தனின் மகனுக்கு 'க.' என்று வந்தது, குப்புசாமியின் மகளுக்கும் 'க.'! தமிழவேள் கோ. சாரங்கபாணியை 'க. சாரங்கபாணி' என்று அச்சிட்டால் எப்படி இருக்கும்?

காரணம், கணினி உயிர்மெய்யை ஒரே எழுத்தாக வைத்திருப்பதில்லை. யுனிகோடில் 'கோ' என்பது க-வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு. அதனால் "தமிழ்".லெங்த் கேட்டால் 5 என்கிறது. "கார்த்திகேயன்" நமக்கு 7 எழுத்து, அதற்கு 13. பெயருக்குப் பத்து எழுத்துதான் என்று லெங்த்தை நம்பிக் கட்டுப்பாடு வைக்கும் படிவம் கார்த்திகேயனை வெளியே நிறுத்திவிடும். பிழை கார்த்திகேயனுடையது அல்ல.

நம் கணக்கில் எண்ணவும் வழி இருக்கிறது. 'இன்டர்நேஷனல்' என்பதன் சுருக்கமான ஐ-என்-டி-எல் என்ற நான்கு எழுத்து, ஒரு புள்ளி, பிறகு செக்மென்டர். இப்போதைய உலாவிகளில் இது உண்டு. 'டி-ஏ' என்ற இரண்டு எழுத்து தமிழைக் குறிக்கும்:

லெட் பிரிப்பான் = நியூ ஐஎன்டிஎல்.செக்மென்டர்("டிஏ")
லெட் எழுத்துகள் = [...பிரிப்பான்.செக்மென்ட்("கார்த்திகேயன்")]

எழுத்துகள்.லெங்த் இப்போது 7. எழுத்துகள்[0].செக்மென்ட் கேட்டால் 'கா' முழுசாக வருகிறது. கோவிந்தனின் மகனுக்குச் சான்றிதழ் 'கோ.' என்றே அச்சானது.