போட்ட உரம் எங்கே போகிறது?

ஜார்ஜ்டவுனில் ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கினால் செபராங் பிறை. பினாங்கு மாநிலத்தின் வயலும் தோட்டமும் பெரும்பாலும் இந்தக் கரையில்தான். 19ஆம் நூற்றாண்டில் நிபோங் திபால் பக்கம் கலிடோனியா போன்ற தோட்டங்களில் தமிழர்கள் கரும்பு வெட்டினார்கள். பிறகு பால்மரம் (ரப்பர்) வந்தது, அதற்குப் பின் செம்பனை. இப்படிப் பயிர் மாறும்போது, பழைய பயிருக்கு இட்ட உரத்தில் புதிய பயிருக்கு மிஞ்சுவது என்ன?

தழைச்சத்து (நைட்ரஜன்) மழையோடு கரைந்து போய்விடும். பாஸ்பேட் உரம் தரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அப்படிப் போகாது. மலேசிய மேட்டுநில மண்ணின் புளிப்பில் இரும்பும் அலுமினியமும் அதைப் பற்றிக்கொள்கின்றன. இட்ட ஆண்டில் பயிர் எடுப்பது பொதுவாக 10 முதல் 30 சதவீதம்தான். மீதி, மெல்ல மெல்ல எடுக்கக்கூடிய வைப்புநிதி.

ரப்பர் தோட்டக்காரர்கள் இதை நன்றாகவே பயன்படுத்தினார்கள். மறுநடவின்போது நிரைகளுக்கு நடுவே பியூரேரியா, சென்ட்ரோசீமா கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டு ராக் பாஸ்பேட் தூவுவார்கள். கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்த அந்தப் பாறைத்தூள் புளிப்பு மண்ணில் மெதுவாகக் கரையும். கன்றுகள் வளர்ந்து நிழல் கட்டியதும் கொடி மடிந்து மக்கும். அது எடுத்துவைத்த மணிச்சத்து மரத்துக்குச் சேரும். கொடிக்கு இட்ட பாஸ்பேட் பால்மரத்துக்கும் பலன் தருவதை, 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைகள் காட்டின.

இந்த மிச்சம் எவ்வளவு காலம் நிற்கும்? இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு நிலத்துக்கு 1856 முதல் 1901 வரை பாஸ்பேட்டும் தொழுவுரமும் இட்டு, பிறகு நிறுத்தினார்கள். பல பத்தாண்டுகள் கழித்தும் உரம் கண்ட பாத்திகளில் பார்லி கூடுதலாக விளைந்தது.

ஆனால் மண்ணில் இருப்பதெல்லாம் உடனே பயிருக்குக் கிடைத்துவிடாது. நெல்வயலில் தண்ணீர் நிற்கும்போது இரும்பு தன் பிடியை விடும். நெல்லுக்கு மணிச்சத்து கிடைக்கும். வயல் காய்ந்ததும் பிடி மறுபடி இறுகும். தஞ்சைப் பகுதியில் நெல் தரிசில் விதைக்கும் உளுந்துக்கு 2 சதவீத டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) கரைசலை இலைமேல் தெளிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணை நம்பியிராமல் நேரே இலைக்கே சத்து சேர்கிறது.

மண்ணிலுள்ள மிச்சத்தை வீணாக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொரோக்கோவிலும் மேற்கு சகாராவிலும் இருக்கிறது. 2021, 2022இல் உர விலை ஏறியபோது சிறு தோட்டக்காரர்கள்தான் அதிகம் தவித்தார்கள். வழக்கப்படி மூட்டை வாங்கும் முன் மண்ணைப் பரிசோதித்தால், இருப்பு நிறைந்த நிலத்தில் அளவைக் குறைக்கலாம். சரிவில் மூடுபயிர் வேண்டும். மேல்மண் அரித்துப் போனால் மணிச்சத்தும் ஆற்றுக்குப் போய்விடும். பல தலைமுறை தோட்டத் தொழிலாளர்கள் கையால் தூவிய செல்வம் அது. அதை அளந்து, காத்துச் செலவழிப்பது நம் கடமை.