இறங்குமா, தப்புமா?

கணினித் திரையில் ஒரு பாறை. புரட்டினால் அடியில் பாம்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்துவிட்டால் கையில் பொருத்தியிருக்கும் கம்பி வழியே சுரீரென்று மின்சாரம் பாயும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை உட்காரவைத்து இந்த விளையாட்டை நடத்தினார்கள். ஆய்வு 2016-ல் வெளிவந்தது. பாம்பு கட்டாயம் இருக்கிறது என்று தெரிந்தபோது அவர்களுக்குப் பதற்றம் உச்சத்தைத் தொடவில்லை. இருக்கவும் இல்லாதிருக்கவும் சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் வியர்வை மிகுந்தது, கண்ணின் பாவை விரிந்தது. அடி விழுவது உறுதி என்றால் உடம்பு எப்படியோ தயாராகிவிடுகிறது. விழுமா விழாதா என்று தெரியாதபோதுதான் ஆடிப்போகிறது.

இதைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. தத்தளிக்கும் கிளப்பை நம்பிக் கெட்டவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் இதே சோதனை இலவசமாக நடக்கிறது.

நம்மூர் ஐபிஎல்லில் கடைசி இடம் பிடித்த அணிக்குக் கேலியோடு சரி. அடுத்த ஆண்டும் அதே போட்டியில் ஆடும். இங்கிலாந்தில் அப்படியில்லை. பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1. கடைசி மூன்று இடங்களில் முடிப்பவர்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்கியாக வேண்டும். தொலைக்காட்சி உரிமைப் பணம் பெருமளவு போகும். நல்ல ஆட்டக்காரர்கள் கழன்றுகொள்வார்கள். பட்டியலில் 17-வது இடத்துக்கும் 18-வது இடத்துக்கும் நடுவே இருக்கும் கோடு, முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இருப்பதைவிட ஆழமானது என்பேன். கோப்பையைத் தவறவிட்டவர் அடுத்த ஆண்டு முயலலாம். கோட்டுக்குக் கீழே போனவருக்கு முயல்வதற்கே இடம் இல்லை.

இந்தக் கோட்டின் கொடுமையை முழுதாகக் காட்டிய நாள் 2005 மே 15. அன்று பருவத்தின் கடைசி ஆட்டங்கள். பட்டியலின் அடியில் நான்கு அணிகள். ஒன்றுதான் தப்ப முடியும். நார்விச் 33 புள்ளி, சவுத்தாம்ப்டன் 32, கிரிஸ்டல் பேலஸ் 32, எல்லோருக்கும் கீழே வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 31. பர்மிங்ஹாம் நகரை ஒட்டியிருக்கும் பழைய தொழில் வட்டாரத்தின் கிளப் அது. ‘பேகீஸ்’ என்பது செல்லப்பெயர். கிறிஸ்துமஸ் நாளிலும் அதுதான் கடைசி இடத்தில் இருந்தது. கிறிஸ்துமஸில் கடைசியாக இருந்த எந்த அணியும் பிரீமியர் லீக்கில் அதுவரை தப்பியதில்லை.

எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. ரசிகர்களுக்குக் கண் சொந்த மைதானத்தில், காது ரேடியோவில். 10-வது நிமிடத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரரே தம் வலைக்குள் பந்தை அடித்துக்கொள்ள, சவுத்தாம்ப்டன் மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் அந்த முன்னிலை போனது. நார்விச், ஃபுல்ஹாம் மைதானத்தில் கோல் மேல் கோல் வாங்கிக்கொண்டிருந்தது. 58-வது நிமிடத்தில் வெஸ்ட் பிராம்விச்சின் மாற்று ஆட்டக்காரர் ஜெஃப் ஹார்ஸ்ஃபீல்ட் கோல் அடித்தார். பேகீஸ் தப்பித்த அணி ஆனது. 13 நிமிடம்தான். 71-ல் கிரிஸ்டல் பேலஸின் ஆண்டி ஜான்சன் பெனால்டியை உள்ளே தள்ள, பேகீஸ் மறுபடி இறங்கும் அணி. 75-ல் கீரன் ரிச்சர்ட்சன் இரண்டாவது கோலைப் போட்டார். அதனால் ஒரு பயனும் இல்லை, விதி வேறு ஊரில் இருந்தது. 82-வது நிமிடத்தில் அந்த ஊரிலிருந்து செய்தி வந்தது: பேலஸின் எதிரணியான சார்ல்ட்டனின் ஜொனாதன் ஃபார்ச்சூன் தலையால் முட்டி ஆட்டத்தை 2-2 ஆக்கிவிட்டார்.

நான்கு அணிகளில் அன்று வென்றது வெஸ்ட் பிராம்விச் மட்டுமே. 34 புள்ளி, 38 ஆட்டங்களில் வெறும் 6 வெற்றி. இருந்தும் தப்பியது. தோற்றுப்போன எதிரணியான போர்ட்ஸ்மவுத்தின் ரசிகர்களும் சேர்ந்து குதித்தார்கள். அவர்களின் ஜென்மப் பகையாளியான சவுத்தாம்ப்டன் 27 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டிவிஷனை விட்டு இறங்கிய சந்தோஷம்! (அடுத்த ஆண்டு பேகீஸே இறங்கிவிட்டது. பக்கத்து ஊர் பர்மிங்ஹாம் சிட்டியும் கூடவே இறங்கியது, அதே 34 புள்ளியோடு.)

இப்படியொரு மாலையில் மனித உடம்புக்குள் என்ன நடக்கிறது? 2014 உலகக் கோப்பையின்போது பிரேசிலில் ரசிகர்களின் எச்சிலை ஆட்டத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் எடுத்துப் பரிசோதித்தார்கள். ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 என்று நொறுங்கிய ஆட்டமும் அதில் உண்டு. ‘கார்டிசால்’ என்பது உடம்பு நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன். அணியோடு தங்களை முழுவதுமாகக் கரைத்துக்கொண்டவர்களுக்கு அது மற்றவர்களைவிட எகிறியிருந்தது. ஆய்வை நடத்திய மார்த்தா நியூசன், ஆட்டம் முடிந்ததும் விளக்கொளியைக் குறைத்து மெல்லிசை ஒலிக்கவிடலாம் என்று யோசனை சொன்னார். 82-வது நிமிடத்தில் பெருமூச்சு விட்டவர்களிடம் யாராவது அந்த மெல்லிசையைப் போட்டுக் காட்டட்டும், பார்க்கலாம்.

கிண்டலுக்கு அப்பால் விஷயம் கடுமையானது. 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதயக் கோளாறு அவசர சிகிச்சைகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு கூடின. ஆண்களிடம் மட்டும் பார்த்தால் 3 மடங்குக்கும் மேல். 1998-ல் இங்கிலாந்து பெனால்டியில் அர்ஜென்டினாவிடம் தோற்ற நாளிலும் அடுத்த இரண்டு நாட்களிலும் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 25 சதவீதம் அதிகம். இதய நோய் உள்ளவர் ஆட்டத்தன்று மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது சும்மா இல்லை.

சரி, இவ்வளவு பட்டு இதில் லாபம் ஏதாவது உண்டா? சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் டால்ட்டனும் ஜார்ஜ் மெக்கெரனும் ஒரு செல்போன் செயலி வழியே 32,000 பேரிடம் ‘இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டு, 30 லட்சம் பதில்களை அலசினார்கள். தன் அணி வென்ற அடுத்த ஒரு மணி நேரத்தில் மகிழ்ச்சி 3.9 புள்ளி ஏறுகிறது. தோற்றால் 7.8 புள்ளி சரிகிறது. அடிமட்டத்தில் கிடக்கும் கிளப் வெல்வதைவிடத் தோற்பதே அதிகம் என்பதால் அதன் ரசிகருக்குக் கணக்கு எந்தப் பக்கம் கூட்டினாலும் நஷ்டம்தான். புத்தியுள்ளவர் வேறு அணிக்குத் தாவ வேண்டும்.

தாவுகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு 1976-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. தங்கள் கல்லூரி அணி வென்ற வார இறுதிக்குப் பின் திங்கட்கிழமை வகுப்புக்குக் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டையோடு வரும் மாணவர்கள் கூடினார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், வென்றபோது ‘ஜெயிச்சிட்டோம்’, தோற்றபோது ‘தோத்துட்டாங்க’. நம் டீக்கடைகளிலும் கிரிக்கெட் மறுநாள் இதே இலக்கணம்தான்.

ஆனால் சியால்டினியின் விதிக்கு அடங்காத கூட்டம் ஒன்று உண்டு. மேலே சொன்ன நியூசன், பிரீமியர் லீக்கில் பத்தாண்டுக் காலத்தில் அதிகம் வென்ற ஐந்து கிளப்புகளின் ரசிகர்களையும், அதிகம் அடிவாங்கிய ஐந்து கிளப்புகளின் ரசிகர்களையும் ஒப்பிட்டார். ஒருவரோடு ஒருவர் ரத்த உறவுபோல ஒட்டிக்கிடந்தது இரண்டாவது கூட்டம். சக ரசிகருக்காக உயிரைத் தருவீர்களா என்ற கற்பனைக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றவர்கள் அங்கேதான் அதிகம். அந்த ஐந்து கிளப்புகள்: ஹல், சண்டர்லேண்ட், கிரிஸ்டல் பேலஸ், நார்விச், வெஸ்ட் பிராம்விச். 2005 மே 15 அன்று ஒரே கோட்டில் தொங்கிய நான்கில் மூன்று இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

சேர்ந்து பட்ட துன்பம் மனிதர்களைச் சேர்ந்து கண்ட இன்பத்தைவிட இறுக்கமாகக் கட்டுகிறது என்பது நியூசன் குழுவின் விளக்கம். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். ஒட்டாதவர்கள் எல்லாம் ஏற்கெனவே வெளியேறியிருப்பார்கள் அல்லவா? வடிகட்டலில் மிஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, துன்பம்தான் ஒட்டவைத்தது என்று எப்படிச் சொல்வது? இரண்டும் கலந்தே நடக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் மூளைக்குள் இருக்கலாம். 2003-ல் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழு, குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களைக் கண்காணித்தது. பழச்சாறு கிடைக்குமா என்று குரங்கு காத்திருக்கும் இடைவெளியில் அந்த அணுக்கள் மெல்ல மெல்லச் சூடேறின. அதிகம் சூடேறியது எப்போது? கிடைக்க 50 சதவீதம் வாய்ப்பு இருந்தபோது. பாம்பு விளையாட்டில் பதற்றம் உச்சத்தைத் தொட்டதும் இதே பாதிக்குப் பாதியில்தானே? குரங்கிலிருந்து ரசிகருக்குத் தாவுவது நீளமான தாவல், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நோகடிக்கும் புள்ளியும் இழுத்துப் பிடிக்கும் புள்ளியும் ஒன்றாகவே இருப்பது, ஜெயிக்கும் கிளப்பின் ரசிகருக்குக் கிட்டாத ஏதோ ஒன்று இங்கே கிட்டுகிறது என்று சந்தேகப்பட வைக்கிறது.

பதற்றம் தாங்காத ரசிகர்கள் முதலில் கேட்பது மேனேஜரின் தலையை. பேகீஸும் 2004 அக்டோபரில் கேரி மெக்சனை அனுப்பிவிட்டு பிரையன் ராப்சனைக் கொண்டுவந்தது. இது பலிக்கிறதா? நெதர்லாந்தின் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டு முதல் டிவிஷனில் 1986 முதல் 2004 வரையிலான கணக்கை எடுத்தார். மேனேஜரை நீக்கிய அணிகள் மீண்டன. அதே அளவு சரிந்தும் மேனேஜரை நீக்காத அணிகளும் அதேபோல் மீண்டன. மோசமான ஓட்டத்துக்குப் பின் சராசரிக்குத் திரும்புவது இயல்பு. அந்த நேரம் பார்த்து வந்து சேர்கிறவர் பெயரை வாங்கிக்கொள்கிறார்.

அப்படியானால் ரசிகரின் கூச்சலுக்காவது பலன் உண்டா? உண்டு, ஆட்டக்காரரின் காலைவிட நடுவரின் காதில். ஆலன் நெவில் குழு 2002-ல் வெளியிட்ட சோதனையில் 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு மைதான இரைச்சலோடு, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். இரைச்சலைக் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு.

பெரிய அளவில் இதைச் சோதிக்க யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். கொரோனா அதைச் செய்தது. 2020-21 பருவத்தின் பெரும்பகுதி வெற்று இருக்கைகளுக்கு முன் நடந்தது. இங்கிலாந்து முதல் டிவிஷன் வரலாற்றில் முதல் தடவையாக, சொந்த ஊரில் வென்ற ஆட்டங்களைவிட வெளியூர் அணிகள் வென்ற ஆட்டங்கள் அதிகமாயின. அந்தப் பருவத்தில் இறங்கிய மூன்று அணிகளில் வெஸ்ட் பிராம்விச்சும் ஒன்று. தரமிறக்கம் மே 9-ல் உறுதியானது, ஆர்சனல் மைதானத்தில். பத்து நாள் கழித்து, கட்டுப்பாடு தளர்ந்து பேகீஸின் சொந்த மைதானத்தில் சில ஆயிரம் பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். புரட்ட ஒரு பாறையும் மிச்சமில்லாத ஆட்டம், புள்ளிக் கணக்கில் எதுவும் மாறாது. வந்தார்கள், கத்தினார்கள். வெஸ்ட்ஹாம் 3-1 என்று வென்றுவிட்டுப் போனது.