ஆராதனைக்குப் பின் அருந்தும் காப்பி

மும்பையின் மாட்டுங்காவிலும் தில்லியின் கரோல்பாகிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து உடன் கொண்டு சென்ற பழக்கங்களுள் ஒன்று காலைக் காப்பி. கொட்டையின் வறுவல் பக்குவம், சிக்கரியின் அளவு, முதல் டிகாக்ஷனின் திடம் ஆகியவற்றைப் பற்றி நாம் நெடுநேரம் பேசுவோம். ஆனால் அக்கொட்டையை விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது என்று நாம் கேட்பது அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கிறிஸ்தவத் திருச்சபைகளின் மாதர் சங்கங்கள் பல இக்கேள்வியைக் கேட்டன. அவர்கள் கண்ட விடையையும், அவ்விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் இங்கே பார்ப்போம்.

முதலில் விளைவிப்பவரின் இடர்ப்பாட்டை அறிந்துகொள்ள வேண்டும். காப்பிச் செடி நட்ட மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே பலன் தருகிறது. விலை உயர்ந்திருந்த காலத்தில் நட்டவர், விலை வீழ்ந்த காலத்தில் பழம் பறிக்க நேரிடலாம். வயலில் அடுத்த போகத்துக்கு வேறு பயிர் வைப்பதுபோல் காப்பித் தோட்டத்தை எளிதில் மாற்றிவிட இயலாது. 1962இல் ஏற்பட்ட சர்வதேச காப்பி ஒப்பந்தம், நாடுகளின் ஏற்றுமதியைப் பங்கிட்டு விலையை ஓரளவு நிலைநிறுத்தி வந்தது. 1989 ஜூலையில் அப்பங்கீட்டு முறை கைவிடப்பட்டது. 1992இல் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு அராபிகாக் கொட்டையின் விலை சுமார் 50 சென்டாக இறங்கிற்று. உற்பத்திச் செலவுக்கே அது போதவில்லை. மலையூர்களில் சாலையும் வண்டியும் இல்லாத சிறு விவசாயி, வாசலுக்கு வந்த தரகர் சொன்ன விலைக்கே கொடுத்தார். மத்திய அமெரிக்க விவசாயிகள் அத்தரகரை அழைக்கும் பெயர் 'கொயோட்டே'. நரி இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டு விலங்கின் பெயர் அது.

இந்நிலைக்கு மாற்றுத் தேடிய முயற்சிக்கு ஒரு பெண்மணி முன்னரே வழி காட்டியிருந்தார். மெனோனைட் திருச்சபையைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் 1946இல் போர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்றார். அங்கே ஏழைப் பெண்கள் செய்த தையல் வேலைப்பாடுகளைக் கண்டு, அவற்றைப் பென்சில்வேனியாவிலுள்ள தம் ஊருக்குக் கொண்டுவந்து, அண்டை வீட்டாரிடமும் திருச்சபைப் பெண்களிடமும் விற்றார். அவர் அப்பெண்களுக்காக நன்கொடை திரட்டவில்லை. அவர்களுடைய உழைப்புக்கு உரிய விலையைப் பெற்றுத் தந்தார். அம்முயற்சியே பிற்காலத்தில் 'டென் தவுசண்ட் வில்லேஜஸ்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் உயிர் கிராமங்களில் இருக்கிறது என்ற காந்தியடிகளின் எண்ணமே அப்பெயருக்குத் தூண்டுதலாயிற்று.

காப்பியில் இம்முறைக்கு உருவம் கொடுத்ததில் மெக்சிகோ விவசாயிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒவாஹாகா மாநிலத்தில் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹொஃப் அதற்குத் துணை நின்றார். இவ்வுறவின் பயனாக 1988இல் நெதர்லாந்தில் 'மாக்ஸ் ஹாவெலார்' என்னும் முத்திரை தோன்றியது. ஜாவாவின் காப்பிக் குடியானவர்கள் டச்சு ஆட்சியில் பட்ட துன்பத்தை 1860இல் எடுத்துரைத்த நாவலின் பெயர் அது.

அமெரிக்கத் திருச்சபைகளில் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடத்தில் அமர்ந்து காப்பி அருந்தி அளவளாவுவது நெடுநாளைய வழக்கம். பல சபைகளில் காப்பியை வாங்குவதும் காய்ச்சுவதும் மாதர் சங்கத்தின் பொறுப்பு. 1986இல் மாசசூசெட்ஸில் தோன்றிய தொழிலாளர் கூட்டுறவான 'ஈக்குவல் எக்ஸ்சேஞ்ச்', 1996இல் லூத்தரன் உலக நிவாரணச் சங்கத்தோடு சேர்ந்து, சபைகளுக்கு நியாய வணிகக் காப்பியை மொத்தமாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. பிரெஸ்பிட்டேரியன், மெத்தடிஸ்ட், கத்தோலிக்க அமைப்புகளும் சில ஆண்டுகளில் இதில் சேர்ந்தன. ஒரு சபை வாங்குவது சிறிதே. ஆயினும் வாரம் தவறாமல் காய்ச்சும் சபைகள் பல சேரும்போது, கூட்டுறவுச் சங்கம் நம்பக்கூடிய நிலையான கிராக்கி ஏற்படுகிறது.

நியாய வணிகத்தின் உள்ளமைப்பு எளியது. சந்தை எவ்வளவு வீழ்ந்தாலும் அதற்குக் கீழே இறங்காத குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு. நீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு அது 2011 முதல் பவுண்டுக்கு 1.40 டாலராக இருந்தது; 2023 ஆகஸ்டில் 1.80 டாலராக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் 20 சென்ட் சங்கத்தின் பொதுநிதிக்குச் செல்கிறது. பள்ளிக்கா, கிணற்றுக்கா, உலர்களத்துக்கா என்பதை உறுப்பினர்களே கூடி முடிவு செய்கிறார்கள். சங்கம் கோரினால் கொள்முதல் மதிப்பில் 60 சதவீதம் வரை முன்பணமும் கிடைக்கும். அறுவடைக்கு முன் வீட்டில் பணமற்ற மாதங்களில் தரகரின் கடனை நாடாதிருக்க இம்முன்பணம் உதவுகிறது.

பழம் பறிப்பதிலும் தரம் பிரிப்பதிலும் பெரும்பங்கு பெண்களுடையது. ஆனால் நிலமும் வரவுப் புத்தகமும் பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். 2003இல் வட பெருவில் 464 பெண்கள் தங்கள் விளைச்சலைத் தனியே பிரித்துத் தங்கள் பெயரிலேயே விற்கத் தீர்மானித்தார்கள். 'கஃபே ஃபெமெனினோ' என வழங்கும் அக்காப்பியின் பணம் பெண்களின் கையிலேயே தரப்படுகிறது.

இனி, இம்முறையின் எல்லையையும் சொல்லவேண்டும். சங்கங்கள் பல தங்கள் விளைச்சலில் ஒரு பகுதியையே இவ்விலைக்கு விற்க முடிகிறது. 2025 பிப்ரவரியில் நேர்ந்ததுபோல் சந்தை விலை 4 டாலரைத் தாண்டும்போது குறைந்தபட்ச விலைக்கு வேலையில்லை. அது வீழ்ச்சிக் காலத்துக்குரிய காப்பு. மேலும் இவ்விதிகள் சிறு விவசாயியை முன்னிறுத்தி எழுந்தவை. கூலிக்குப் பழம் பறிப்பவரை அவை எவ்வாறு எட்டும் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. பெருந்தோட்டங்களைச் சேர்க்கலாமா என்ற கருத்துவேற்றுமையால் 2011இல் அமெரிக்க முத்திரை அமைப்பு சர்வதேச அமைப்பிலிருந்து பிரிவதாக அறிவித்தது.

இவ்விவாதம் நமக்கு அந்நியமானதன்று. குடகிலும் சிக்மகளூரிலும் வயநாட்டிலும் உள்ள காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் கூலி வேலைக்குச் சென்றிருக்கிறார்கள். பெங்களூரிலோ மும்பையிலோ நாம் வாங்கும் காப்பித் தூளில் அவர்களது உழைப்பும் கலந்திருக்கக்கூடும். மாதர் சங்கங்கள் செய்தது பெரிய புரட்சியன்று. எப்படியும் வாங்க வேண்டிய ஒரு பொருளை, யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்று விசாரித்து, ஒன்றுகூடி, இடைவிடாமல் வாங்கினார்கள். நம் தமிழ்ச் சங்கங்களிலும் விழாக்களிலும் காப்பிக்குக் குறைவில்லை. அடுத்த முறை அதற்குத் தூள் வாங்கச் செல்பவர், கடைக்காரரிடம் கொட்டை எந்த ஊரினது, எந்தச் சங்கத்தினது, பறித்தவருக்குக் கூலி என்ன என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் தடவை கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கக்கூடும். பலரும் மீண்டும் மீண்டும் கேட்டால் அவரும் தமக்குச் சரக்குத் தருபவரைக் கேட்பார்.