மூடியே கிடக்கும் கணினிக்கும் பராமரிப்பு வேண்டும்



நம் குழுக்களின் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் கணக்கெல்லாம் இப்போது கணினியில் ஏறிவிட்டது. கூட்ட நாளில் கணினியைப் போடுகிறோம், கணக்கை ஏற்றுகிறோம், பிரிண்ட் எடுத்ததும் ஆஃப் பண்ணிவிட்டுக் கிளம்புகிறோம். கரண்ட் மிச்சம்தான். ஆனால் கணினி தானாகச் செய்துகொள்ள வேண்டிய வேலைகள் தங்கிப்போகின்றன.

அவை என்ன வேலைகள்?

முக்கியமாக மூன்று. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் 'அப்டேட்', வைரஸ் சோதனை, கணக்கை நகல் எடுக்கும் 'பேக்கப்'. விண்டோஸ் 10-ல் பராமரிப்புக்குக் குறித்து வைத்திருக்கும் நேரம் இரவு 2 மணி. அப்போது நம் கணினி ஏது ஓடுகிறது? விட்டுப்போன வேலையை, கணினி ஆனில் இருந்து யாரும் தொடாத நேரத்தில் செய்யப் பார்க்கும். அந்த நேரத்தையும் நாம் தருவதில்லை.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றி பலகை, எஞ்சின் எல்லாம் சரிபார்ப்பார்கள். படகுக்கு எஞ்சினை நிறுத்தினால்தான் பராமரிப்பு. கணினிக்கோ நம் வேலை நிற்கவேண்டும், கரண்ட் ஓடவேண்டும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

2017 மே 12 அன்று 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாத கணினிகள்தான் மாட்டின. நம் கணக்கு அப்படிப் பூட்டிக்கொண்டால், யார் எவ்வளவு கட்டினார் என்று எதைக் காட்டுவோம்?

என்ன செய்யலாம்?

1. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று அப்டேட் வெளியிடும். அது நம்பகமாக ஏற, இணையத்தோடு சேர்ந்தாற்போல் 2 மணி நேரமும், மொத்தம் 6 மணி நேரமும் கணினி ஓடவேண்டும் என்று அந்நிறுவனம் 2022-ல் சொன்னது. ஆகவே அந்த வாரக் கூட்டத்தன்று கணினியை முதலிலேயே போட்டுவிடுங்கள். கணக்கு முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் தொடாமல் ஓடட்டும்.

2. தானாக பேக்கப் எடுக்க 'டாஸ்க் ஷெட்யூலரில்' நேரம் வைத்திருந்தால், 'நேரம் தவறினால் முடிந்தவுடன் செய்' என்ற பொருளில் உள்ள கட்டத்தில் டிக் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தவறிய நாள் தவறியதுதான்.

3. பென்டிரைவில் நகல் எடுத்ததும் கழற்றி, வேறொரு உறுப்பினர் வீட்டில் வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததை மறக்கமுடியுமா?

4. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் கணக்கு எழுதும் குழுக்களுக்கும் இதே கதைதான். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, மாதம் ஒரு உறுப்பினர் பொறுப்பு என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். கணக்கு நம்முடையது, காவலும் நாம்தானே!