குடும்பச் சாயலும் குழந்தையின் பார்வையும்

சில குடும்பங்களிலே தலைமுறை தலைமுறையாகக் கண்கள் ஒரே சாயலில் அமைவதுண்டு. கண் பிளவு ஒடுங்கியிருக்கும். மேலிமை பாதி மூடியபடி தொங்கும். மூக்கின் இருபுறமும் கீழிமையிலிருந்து ஒரு தோல் மடிப்பு மேல்நோக்கி எழுந்திருக்கும். அத்தகைய குழந்தை பிறந்தால், பாட்டனாரின் கண் வந்திருக்கிறது என்று சுற்றத்தார் கூறி அமைவர். கூற்று பொய்யன்று. ஆயினும் அச்சாயலின் பின்னே பார்வைக் குறைவொன்று மறைந்திருத்தல் கூடும்.

இந்நிலை பற்றிய குறிப்பு 1889ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு வைத்திய ஏடொன்றில் வெளிவந்தது. காரணம் துலங்கியதோ 2001ஆம் ஆண்டிலேதான். மூன்றாம் நிறமூர்த்தத்திலுள்ள ஃபாக்ஸ்-எல்-2 என்னும் பரம்பரையலகு பழுதுபடுவதனால் பெரும்பாலும் இது உண்டாகின்றது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து அப்பழுது வந்தாலே போதும். ஆகவே பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இரண்டிலொரு வாய்ப்புண்டு. குடும்பத்தில் எவருக்கும் இல்லாதிருந்து புதிதாய்த் தோன்றுவதுமுண்டு. வளர்ந்தோரின் கண் பிளவு சாதாரணமாக 25 முதல் 30 மில்லிமீற்றர் அகலமுடையது; இவர்களுக்கோ 20 முதல் 22 மில்லிமீற்றரளவே.

இமை தொங்கும் குழந்தை நாடியை உயர்த்தி, நெற்றியைச் சுருக்கிப் பார்க்கும். இதனைச் செருக்கென்று எண்ணுவோரும் உளர். உண்மையில் அது நல்ல அறிகுறி. குழந்தை தன் கண்ணைப் பயன்படுத்த முயல்கின்றது. ஓர் இமை மிகத் தொங்கியும் தலையை நிமிர்த்தாத குழந்தையைப் பற்றியே அதிகம் அஞ்சவேண்டும். அக்கண்ணை அது கைவிட்டிருக்கலாம்.

கைவிடுதல் என்பது கண்ணில் நிகழ்வதன்று, மூளையில் நிகழ்வது. அமெரிக்காவிலே ஹியூபெல், வீசல் என்னும் இரு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஓர் இமையைச் சில காலம் தைத்து மூடிவைத்தனர். பின்னர் திறந்தபோது கண் பழுதின்றியே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியோ அக்கண்ணின் செய்தியை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைகளுக்கு இக்கேடு விளையவில்லை. 1981ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற இவ்விருவரின் ஆய்வே, இளம்பருவத்தின் அருமையை ஐயமற நிறுவியது. இவ்வாறு மந்தமான கண்ணைச் சோம்பற்கண் என்பர்.

இமை கண்மணியை மறைத்தால்தான் சோம்பற்கண் உண்டாகும் என்று கருதுதல் தவறு. இக்குழந்தைகளிடத்தே மாறுகண்ணும், கண்ணாடி தேவைப்படும் ஒளிமுறிவுக் குறைகளும் ஏனையோரிலும் மிகுதி. அவையும் அதே விளைவைத் தருவன. குழந்தை முறையிடுவதில்லை, பிறந்தநாள் முதல் தான் காண்பதே உலகம் என்று அது நம்பியிருக்கும். ஆகையால், எழுத்தறியுமுன்னரே கண் வைத்தியர் பரிசோதித்து, வேண்டுமாயின் கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாளிற் சில மணி நேரம் மறைத்து, மந்தக்கண்ணுக்கு வேலை கொடுப்பர்.

சத்திர சிகிச்சையில் கண்ணின் உள்மூலையைச் சீராக்குதல் பொதுவாக 3 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையே நடைபெறும். இமையை உயர்த்துதல் அதற்கு ஏறத்தாழ ஓராண்டின் பின். இமை கண்மணியையே மூடியிருப்பின் அவ்வளவு காலம் காத்திருத்தல் ஆகாது. இமைத் தசை வலுவற்றிருப்பதால், இமையை நெற்றித் தசையோடு நாரினாற் பிணைப்பர்.

பெண் பிள்ளையாயின் இன்னொன்றுண்டு. இந்நோயின் ஒரு வகையில் சூலகம் 40 வயதுக்கு முன்னரே செயலிழக்கும். அதனைக் காலத்தோடு அறிந்திருத்தல் அவளது இல்வாழ்வுக்கு உதவும்.

இமை உயர்ந்த பின்னர் முகம் மலர்ந்து காணப்படும். கண்ணாடி இனி எதற்கென்று பெற்றோர் எண்ணுவர். கண்ணாடியும் கண்மறைப்பும் தொடரவே வேண்டும். உயர்த்திய இமை உறக்கத்தில் முற்றாக மூடாதிருப்பின், கண்ணின் முன்படலம் உலராதபடி இரவிலே களிம்பும் இடவேண்டும்.