புகையை நிறுத்தும் மருந்துக்கும் பரிசோதனை தேவை

சிகரெட்டைக் கைவிட உதவிய மாத்திரையிலேயே புற்றுநோய் அபாயம் கொண்ட பொருள் சிக்கியது. அந்தப் பரிசோதனை நமக்குச் சொல்லும் பாடம் என்ன?

2021 ஜூன் மாதம். ஃபைசர் நிறுவனம் தன் ‘சான்டிக்ஸ்’ மாத்திரையின் விநியோகத்தை நிறுத்திவைத்தது. புகைப்பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்காக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-ல் அனுமதித்த மருந்து அது. மருந்தின் பெயர் வரெனிக்ளின். மூளையில் நிகோடின் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களில் இது முந்திக்கொண்டு அமர்ந்து, சிகரெட்டுக்கான ஏக்கத்தைத் தணிக்கும்.

அந்த மாத்திரையில் என்-நைட்ரோசோ-வரெனிக்ளின் என்ற வேதிப்பொருள் அனுமதிக்கத்தக்க அளவைத் தாண்டி இருந்தது. நைட்ரோசமின் என்ற வகையைச் சேர்ந்தது அது; அந்த வகையில் பல, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ஜூலையில் சில தொகுதிகளையும் செப்டம்பரில் எல்லாத் தொகுதிகளையும் நிறுவனம் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

புற்றுநோய்க்குப் பயந்து சிகரெட்டை விட்டவர்கள் இதைக் கேட்டால் கலங்கத்தான் செய்வார்கள். ‘இதற்குப் பேசாமல் சிகரெட்டே பிடித்திருக்கலாமே’ என்றும் சிலருக்குத் தோன்றும். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை எண்களே காட்டும்.

எப்படி உருவாகிறது?

சில மருந்து மூலக்கூறுகளில் ‘அமின்’ என்ற பகுதி உண்டு. மாத்திரையில் சேர்க்கும் துணைப்பொருள்களில் நைட்ரைட் துளியளவு ஒட்டியிருந்தாலும், இரண்டும் வினைபுரிந்து நைட்ரோசமின் உருவாகலாம். வரெனிக்ளின் மூலக்கூறிலேயே அத்தகைய அமின் இருக்கிறது.

2018-ல் ரத்த அழுத்த மருந்தான வால்சார்டனில் ஒரு நைட்ரோசமின் சிக்கியது. அடுத்த ஆண்டு, வயிற்று எரிச்சலுக்குப் பலரும் விழுங்கிய ரானிடிடினிலும் அதுவே தென்பட்டது. அதன் பிறகுதான் உலகெங்கும் மருந்து நிறுவனங்கள் தங்கள் மாத்திரைகளை இந்தக் கண்ணோட்டத்தில் துருவிப் பார்க்கத் தொடங்கின.

சோதனை நுட்பமானது. மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, திரவக் குரோமட்டோகிராபி முறையில் அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒவ்வொரு மூலக்கூறையும் அதன் எடையை வைத்து அடையாளம் காண்கிறது. நானோகிராம் அளவு வரை, அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு வரை, இந்தக் கருவிகள் அளந்துவிடும்.

37 நானோகிராம் என்றால்?

அப்போது எஃப்.டி.ஏ. வைத்த வரம்பு ஒரு நாளைக்கு 37 நானோகிராம். இந்த வகை வரம்புகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. ஒரு லட்சம் பேர் அந்த அளவை 70 ஆண்டுகள் தினமும் உட்கொண்டால், அவர்களில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். ஆனால், வரெனிக்ளின் சிகிச்சை வழக்கமாக 12 வாரங்கள்தான்.

சிகரெட் பக்கம் திரும்புவோம். அதன் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் என்.என்.கே., என்.என்.என். என்ற இரண்டும் நைட்ரோசமின்களே. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டவை. மாத்திரையில் எதைக் கண்டு அஞ்சினோமோ, அந்த இனத்தைத்தான் புகைப்பவர் ஒவ்வொரு இழுப்பிலும், ஆண்டுக்கணக்கில் உள்ளே இழுக்கிறார்.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எஃப்.டி.ஏ. ஒரு நிதானமான முடிவை எடுத்தது. மருந்துத் தட்டுப்பாடு வராமலிருக்க, 185 நானோகிராம் வரை உள்ள மாத்திரைகளைத் தற்காலிகமாக அனுமதித்தது. கனடாவிலிருந்து வேறொரு நிறுவனத்தின் வரெனிக்ளினை இறக்குமதி செய்யவும் வழிவிட்டது. மருந்து எடுப்பவர்கள், மாற்று கிடைக்கும்வரை தாமாக நிறுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. குறை கண்டுபிடிக்கப்பட்டது, வெளியே சொல்லப்பட்டது, நோயாளியும் கைவிடப்படவில்லை. பரிசோதனை என்பது இப்படித்தான் இருக்க வேண்டும்.

சோதிக்காதவைதான் ஆபத்து

என் கவலை, இப்படி முறையான சோதனைக்கு வராமலே, புகையை விட உதவுவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களைப் பற்றியது. 2009-ல் எஃப்.டி.ஏ. இரண்டு முன்னணி நிறுவனங்களின் 18 இ-சிகரெட் குப்பிகளைச் சோதித்தது. ஒன்றில் டைஎதிலீன் கிளைகால் இருந்தது. 2025-ல் மத்தியப் பிரதேசக் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்தில் கண்டறியப்பட்ட அதே நச்சு. ‘நிகோடின் இல்லை’ என்று எழுதியிருந்த குப்பிகளிலும், ஒன்றைத் தவிர மற்றவற்றில் நிகோடின் இருந்தது.

இந்தியா 2019-ல் இ-சிகரெட்டைத் தடை செய்தது. தடை செய்த பொருள் திருட்டுத்தனமாக விற்கப்படும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல யாருமில்லை. ‘மூலிகை சிகரெட்’ என்று விற்கப்படுபவையும் நம்பத்தக்கவையல்ல. துளசியானாலும் சரி, வேறெந்த இலையானாலும் சரி, எரித்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும்.

புகையை விட நினைப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, முறையாக உரிமம் பெற்ற நிகோடின் சூயிங்கத்தையோ மாத்திரையையோ பயன்படுத்துங்கள். 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். மருந்தைப் பற்றி ஐயம் வந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், சிகரெட்டிடம் திரும்பாதீர்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். புகையை விட உதவுவதாகச் சொல்லி விற்கும் ஒவ்வொரு பொருளையும் கடைகளிலிருந்து எடுத்து அவ்வப்போது சோதியுங்கள். முடிவுகளை மக்கள் படிக்கும்படி தமிழிலும் வெளியிடுங்கள். பல ஆண்டுப் பழக்கத்தோடு போராடத் துணிந்தவர், கையில் எடுக்கும் மருந்தையும் சந்தேகிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.