மூணாவது சீட்டுல யாரு?

எட்டரை டன் லாரி ஒன்று மணல்மேட்டில் சீறி ஏறுது. உச்சிக்கு வந்ததும் சக்கரமெல்லாம் தரையை விட்டுக் கிளம்ப, அந்தப் பக்கம் 'தொம்'னு விழுந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. 'டக்கார் ராலி' வீடியோவை முதல் தடவை பார்க்கிற யாரும் வாயைப் பிளக்காமல் இருக்க முடியாது.

எங்க மாமா பிளக்கலை. "மாப்ள, அப்படியே நிறுத்து. அடியில பாரு... நம்ம ஸ்பிரிங் பட்டைதானேடா போட்டிருக்கான்!" என்றார்.

மாமாவுக்கு நார்த்தாமலையில், திருச்சி - புதுக்கோட்டை ரோட்டோரம் லாரிப் பட்டறை. ஜல்லி ஏற்றும் டிப்பர்கள்தான் கஸ்டமர். பின்னால் மேலமலையில் விஜயாலய சோழீஸ்வரம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அசையாமல் நிற்குது. முன்னால் பட்டறையிலோ எப்பவும் ஏதாவது ஒரு வண்டி உடைஞ்சு நிற்கும்!

மாமா சொன்னது நிஜம். சுமார் ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட அந்தப் பந்தய லாரிகள் பலவற்றிலும் இன்னமும் பட்டை ஸ்பிரிங்தான். கூடவே, பந்தயத்துக்கென்றே செய்த பெரிய பெரிய ஷாக் அப்சார்பர்கள்.

மூணு பேர், ஒரு கேபின்

ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து செனகல் நாட்டின் டக்கார் நகருக்குக் கிளம்பின பந்தயம் இது. தீவிரவாத மிரட்டலால் 2008-ல் ரத்தாச்சு. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவில் நடந்தது. 2020-ல் சவூதி அரேபியப் பாலைவனத்துக்கு மாறியது. டக்காருக்கே போகாத டக்கார் ராலி!

பைக்கில் ஒருத்தர், காரில் ரெண்டு பேர். லாரியில்? மூணு பேர். ஒருத்தர் ஓட்டுவார், ஒருத்தர் வழி சொல்வார். மூணாவது சீட்டில் மெக்கானிக்.

அவருக்கு என்ன வேலைன்னு கேட்கறீங்களா? மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைக்கணும். அப்பதான் டயர் அகலமா உட்கார்ந்து, புதையாமல் போகும். கல்லுத் தரை வந்தால் உடனே ஏற்றணும், இல்லேன்னா டயர் கிழியும். கேபினிலிருந்தே இதைச் செய்யலாம். நூறு நூறு கிலோமீட்டராகப் போகிற வழியில் எஞ்சின் சூட்டையும் ஆயில் பிரஷரையும் கவனிக்கணும். எங்கேயாவது உடைஞ்சால் இறங்கிச் சரிபண்ணணும். 'மாரத்தான் ஸ்டேஜ்' என்று ஒன்று உண்டு. அந்த ராத்திரி வெளியாள் யாரும் வண்டியைத் தொடக்கூடாது, பந்தயத்தில் இருக்கிறவங்களே பார்த்துக்கணும்.

சில லாரிகள் ஜெயிக்கிறதுக்காக வர்றதே இல்லை. தங்கள் டீம் கார்களுக்கு வேண்டிய ஸ்பேர் பார்ட்ஸைச் சுமந்துகொண்டு, தாங்களும் போட்டியாளராகப் பின்னாடியே வரும். முன்னால் கார் படுத்துவிட்டால் இவங்கதான் ஆம்புலன்ஸ்.

இந்த லாரிகளின் ராஜா ரஷ்யாவின் காமாஸ். அதன் டிரைவர் விளாடிமிர் சாகின் மட்டுமே 7 முறை ஜெயிச்சார். 2022 வரை அந்த டீமுக்கு 19 பட்டங்கள். உக்ரைன் போரையொட்டி ரஷ்யர்களுக்கு விதிச்ச நிபந்தனைகளை ஏற்காததால் 2023-ல் காமாஸ் வரலை. அதற்குப் பிறகு இவெகோ லாரிகளின் காலம். 2024, 2025 ரெண்டு வருஷமும் ஜெயிச்சவர் செக் நாட்டு மார்ட்டின் மாசிக்.

வேகத்துக்கு விலையும் உண்டு. 1988-ல் டாஃப் கம்பெனியின் ரெட்டை எஞ்சின் லாரி, பெஜோ ரேஸ் காரையே ஓவர்டேக் பண்ணி உலகத்தை அசர வைத்தது. அதே பந்தயத்தில் அந்த டீமின் இன்னொரு லாரி உருண்டு, அதிலிருந்த ஒருவர் இறந்துபோனார். டாஃப் டீம் பாதியிலேயே விலகியது. லாரிகளுக்கு மணிக்கு 140 கி.மீ. என்ற கட்டுப்பாடு சும்மா வரலை.

ஹினோவா? நம்ம ஆளு!

மாமாவை நிமிர்ந்து உட்கார வைத்தது ஜப்பானின் ஹினோ டீம். "ஹினோவா? அந்த எஞ்சினை நான் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிப்பேனே!" என்றார். 1980-களில் ஹினோவிடம் தொழில்நுட்பம் வாங்கி நம்ம சென்னை அசோக் லேலண்ட் எஞ்சின் செய்தது. நம்ம ஊரு லாரிக்கும் பாலைவன லாரிக்கும் ஒண்ணுவிட்ட சொந்தம்!

1997-ல் லாரிப் பிரிவின் முதல் மூணு இடமும் ஹினோவுக்குத்தான். அதன் டிரைவர் யோஷிமாசா சுகவாரா 1983-ல் பைக்கில் ஆரம்பிச்சவர். 2019-ல் 77 வயசில் கடைசியாக ஓட்டினார். லாரிப் பிரிவில் முதலிடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் தொடர்ந்து 20 முறை பந்தயத்தை முடிச்சவர். அது முடியணும்னா ஒவ்வொரு ராத்திரியும் யாரோ வண்டிக்கு அடியில் படுத்திருக்கணும். ஹினோ அதற்கு ஜப்பான் முழுக்க இருக்கும் தன் டீலர் பட்டறைகளிலிருந்து மெக்கானிக்குகளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போகும்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. ஓசூர் டி.வி.எஸ்., பிரான்ஸின் ஷெர்கோவோடு சேர்ந்து 2015 முதல் டக்கார் பைக் பந்தயத்தில் இறங்கியது. அந்த டீமின் ஹாரித் நோவா, கேரளத்து ஷொர்ணூர்க்காரர், 2024-ல் 'ராலி 2' பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தத்தில் 11-வது இடம்!

ஒரு பின், ஒரு டிக்

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க காலேஜில் 'பாஹா' போட்டிக்காகக் கரடுமுரடான தரையில் ஓடும் வண்டி செய்தோம். டிசைன் பண்ண ஆள் இருந்தது, ஓட்ட அடிதடியே நடந்தது. கடைசியில் நட்டு போல்ட்டு சரிபார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்குச் செம கடுப்பு. 'இதுக்கா மெக்கானிக்கல் எடுத்தேன்? ஊருக்குப் போனா மாமா பட்டறையிலும் இதேதானே!'

டிரையல் ஓட்டம். மூணாவது ரவுண்டில் முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. வண்டி கவிழ்ந்து ஓட்டின நண்பனுக்கு மணிக்கட்டு எலும்பு உடைஞ்சது. சக்கர நட்டில் ஸ்பிளிட் பின் போடலை. ஆனா, செக் லிஸ்ட்டில் அந்த வரிக்கு நேராக டிக் இருந்தது. போட்டது நான். பார்க்காமலே போட்டது.

அவன் என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது.

லீவில் ஊருக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவரும் திட்டலை. வேலை முடிஞ்சு நின்ன டிப்பர்கிட்ட கூட்டிட்டுப் போனார். ஒவ்வொரு சக்கரமாக, ஒவ்வொரு நட்டாகக் கையால் தொட்டுக்கொண்டே வந்தார். "ஸ்பேனர் போட்டு முறுக்கினப்புறமும் தொட்டுப் பார்க்கணும்டா. இந்த வண்டியில போறவன் வீட்டுக்குத் திரும்பிப் போகணும்ல?" அவ்வளவுதான் சொன்னார்.

இருபது வருஷமா அவர் தினமும் செய்கிற வேலை. அன்னைக்குத்தான் முதல்முறையாப் பார்த்தேன்.

நண்பனுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. அடுத்த போட்டிக்கும் அவன்தான் டிரைவர். இந்த முறை நட்டு போல்ட்டு வேலையை நானே கேட்டு வாங்கியிருக்கேன்.

ஜனவரியில் டக்கார் வீடியோ பார்த்தீங்கன்னா, லாரி பறக்கும்போது கைதட்டுங்க பாஸ். அப்படியே அந்த மூணாவது சீட்டையும் ஒரு தடவை பாருங்க!